கோப்பு சர்வர் அடிக்கடி முடங்குகிறதா? கசிவைக் கண்டறியும் முறை

கணக்காய்வு அலுவலகம், டியூஷன் மையம், ஆலய நிர்வாகம் எனப் பல இடங்களில் இன்று எல்லாக் கோப்புகளும் ஒரே சர்வரில்தான் இருக்கின்றன. திங்கட்கிழமை நன்றாக ஓடும் அந்த சர்வர், வெள்ளிக்கிழமை கோப்பைத் திறக்கவே மறுக்கும். அணைத்துப் போட்டால் சரியாகும்; அடுத்த வாரம் மீண்டும் அதே கதை. வளக் கசிவுக்கு இதுவே வழக்கமான அறிகுறி.

ஒருவர் கோப்பைத் திறக்கும்போது, சர்வர் அதற்கு 'ஹேண்டில்' ஒன்றையும் கொஞ்சம் நினைவகத்தையும் ஒதுக்குகிறது. வேலை முடிந்ததும் அவை திரும்ப வேண்டும். திரும்பாதவை சேர்ந்துகொண்டே போவதுதான் கசிவு.

வரம்பைக் கசிவென்று எண்ணிவிடக் கூடாது. சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 கணினியை சர்வராக வைத்தால், ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. அது உரிமக் கட்டுப்பாடு, பழுது அல்ல.

சோதிக்கும் வழி எளிது. எல்லாரும் வீடு திரும்பிய பின், தினமும் ஒரே நேரத்தில் ஹேண்டில் எண்ணிக்கையையும் நினைவகப் பயன்பாட்டையும் குறித்து வையுங்கள். பகலில் ஏறுவது இயல்பு. ஆளில்லாத இரவிலும் அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் கசிவு என்று சந்தேகிக்கலாம்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் ஹேண்டில் பத்தியைச் சேர்த்துப் பார்க்கலாம். இவென்ட் வியூவரில் 2019 அல்லது 2020 என்ற எண் தென்பட்டால், கெர்னலின் நினைவகத் தொகுப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து 'பூல்மோன்' கருவியில் எந்தக் குறியீடு வளர்கிறது என்று பாருங்கள். அதைக் கொண்டு குற்றவாளி டிரைவரை அடையாளம் காணலாம். வைரஸ் தடுப்பு, பேக்கப் மென்பொருள்களின் டிரைவர்களை முதலில் சந்தேகிப்பது நல்லது.

லினக்ஸில் ஓடும் சம்பா இதைவிட வெளிப்படையானது. இணையும் ஒவ்வொரு கணினிக்கும் அது தனி 'எஸ்எம்பிடி' செயல்முறையைத் தொடங்குகிறது. ஒன்று மட்டும் வீங்கினால், 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' கட்டளை அது எந்தக் கணினியுடையது என்று காட்டும். எல்லாமே வீங்கினால் சம்பாவையோ அதன் துணைக்கூறையோ ஆராய வேண்டும். செயல்முறைகளின் எண்ணிக்கையே பெருகினால், வைஃபை அறுந்த மடிக்கணினிகளின் பழைய இணைப்புகள் காரணமாக இருக்கலாம். சம்பாவின் 'டெட்டைம்' அமைப்பு சும்மா கிடக்கும் இணைப்புகளைத் துண்டிக்கும். ஆனால் கோப்பு திறந்திருக்கும் இணைப்பைத் தொடாது.

அவசரப்பட்டு எல்லா இணைப்புகளையும் சர்வரிலிருந்து துண்டிக்காதீர்கள். யாரோ சேமிக்காமல் வைத்திருக்கும் கணக்கு அதோடு போய்விடலாம். அணைத்துப் போடும் முன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்த பிறகு அந்த எண்கள் மிஞ்சாது.