பல செருகுவாய் யூ.எஸ்.பி மின்னேற்றி

பல செருகுவாய் யூ.எஸ்.பி மின்னேற்றி என்பது, சுவரிலுள்ள மின்னிணைப்பில் நேரடியாகச் செருகப்பட்டு, மாறுதிசை மின்னோட்டத்தைத் தாழ்ந்த மின்னழுத்தமுள்ள நேர்திசை மின்னோட்டமாக மாற்றி, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளுக்கு வழங்கும் மின்வழங்கி ஆகும். மின்னேற்றி பேச்சு வழக்கில் சார்ஜர் எனவும், செருகுவாய் போர்ட் எனவும் அழைக்கப்படுகின்றன. கைபேசி, மடிக்கணினி, காதணி ஒலிபெருக்கி போன்றவற்றுக்குத் தனித்தனி மின்னேற்றிகள் வைத்திருக்கும் தேவையை இது குறைக்கிறது.

இதன் வடிவமைப்பில் அளவு, வெப்பம், விலை, ஆயுள், திறன் பகிர்வு ஆகியவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஒன்றை மேம்படுத்தினால் மற்றொன்றில் இழப்பு ஏற்படும். உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் பயனர் தொடும் பகுதிக்கும் இடையிலான மின்காப்பு மட்டும் இவ்வாறு விட்டுக்கொடுக்கத் தக்கதன்று.

வரலாறு

1996 இல் வெளியான யூ.எஸ்.பி தரம் முதன்மையாகத் தரவுப் பரிமாற்றத்துக்காக உருவாக்கப்பட்டது. 2000 இல் வெளியான 2.0 பதிப்பிலும் ஒரு செருகுவாய் 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே வழங்கியது. 2006 இல் சீனா, கைபேசி மின்னேற்றிகளில் யூ.எஸ்.பி செருகுவாய் இருக்க வேண்டும் என்னும் தரத்தை வெளியிட்டது. 2010 இல் வெளியான மின்கல மின்னேற்றத் தரத்தின் 1.2 பதிப்பு 1.5 ஆம்பியர் வரை அனுமதித்தது. இதன்படி, மின்னேற்றி தன் இரு தரவுக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவைப்பதன் மூலம், தான் கணினி அல்ல, மின்னேற்றி என்பதைக் கருவிக்கு உணர்த்துகிறது.

2012 இல் பவர் டெலிவரி என்னும் தரமும், 2014 இல் சி வகை இணைப்பும் வெளியாயின. 2021 இல் வெளியான பவர் டெலிவரி 3.1 பதிப்பு உச்சத் திறனை 100 வாட்டிலிருந்து 240 வாட்டாக உயர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் இயற்றிய நெறிமுறையின்படி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்பனைக்கு வரும் புதிய கைபேசிகள் உள்ளிட்ட பல கருவிகளுக்குச் சி வகை இணைப்பு கட்டாயமானது. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 தொடக்க நாளாக வகுக்கப்பட்டது.

தொழிற்படும் முறை

230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் முதலில் அலைதிருத்தியால் ஏறக்குறைய 325 வோல்ட் நேர்திசை மின்னழுத்தமாக மாற்றப்பட்டு, ஒரு பெரிய மின்பகு மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை இணைத்தும் துண்டித்தும் சிறிய மின்மாற்றிக்கு அனுப்புகிறது. மின்மாற்றியின் மறுபுறத்தில் தாழ்ந்த மின்னழுத்தம் பெறப்படுகிறது. சிறு மின்னேற்றிகளில் ஃபிளைபேக் எனப்படும் சுற்றமைப்பே பெரிதும் பயன்படுகிறது.

அளவை முடிவு செய்யும் காரணிகள்

மின்தேக்கி: மாறுதிசை மின்னழுத்தம் சுழியை நெருங்கும் வேளைகளில் வெளியீடு தடைபடாதிருக்க மின்தேக்கியே ஆற்றலை வழங்குகிறது. உலகெங்கும் பயன்படும் மின்னேற்றி 100 வோல்ட் நாடுகளிலும் இயங்க வேண்டும். மின்தேக்கி சேமிக்கும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொருத்தது. எனவே 230 வோல்ட்டில் சிறிய மின்தேக்கி போதும் என்றாலும், 100 வோல்ட்டை முன்னிட்டுப் பெரியதை வைக்க நேர்கிறது. 65 வாட் மின்னேற்றிக்கு இது ஏறக்குறைய 100 மைக்ரோஃபாரடு ஆகும். அதுவே 230 வோல்ட்டின் உச்சத்தைத் தாங்க 400 வோல்ட் தரத்திலும் இருக்க வேண்டும். பெட்டியினுள் பேரிடம் கொள்ளும் உறுப்புகளுள் இது ஒன்று.

அதிர்வெண்: டிரான்சிஸ்டரின் அதிர்வெண்ணை உயர்த்தினால் மின்மாற்றி சிறிதாகும். ஆனால் ஒவ்வொரு நிலைமாற்றத்திலும் சிறிது ஆற்றல் வெப்பமாக வீணாவதால் இழப்பும் கூடும். மின்காந்தக் குறுக்கீட்டுத் தரங்கள், மின்கம்பி வழியே பரவும் இரைச்சலுக்கு 150 கிலோஹெர்ட்ஸ் முதல் வரம்பு விதிக்கின்றன. பல சிலிக்கான் மின்னேற்றிகள் 65 கிலோஹெர்ட்ஸில் இயங்குவதன் காரணம் இதுவே. 65 உம் அதன் இருமடங்கான 130 உம் அவ்வரம்புக்குக் கீழே அமைகின்றன. அதிர்வெண்ணை உயர்த்தினால், மின்மாற்றியில் மிச்சமாகும் இடத்தின் ஒரு பகுதியை இரைச்சல் வடிகட்டி எடுத்துக்கொள்ளும்.

காலியம் நைட்ரைடு: இக்குறைகடத்தியின் ஆற்றல் இடைவெளி ஏறக்குறைய 3.4 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானுடையது 1.1 எலக்ட்ரான் வோல்ட். காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்கள் விரைந்து நிலைமாறுவதால், பல நூறு கிலோஹெர்ட்ஸிலும் இழப்பு குறைவு. 2018 க்குப் பின்னர் கையடக்க மின்னேற்றிகளில் இவை பரவலாயின. எனினும் மின்தேக்கியின் அளவையோ மின்காப்பு இடைவெளியையோ இவை குறைப்பதில்லை.

75 வாட் எல்லை: ஐ.இ.சி 61000-3-2 தரம், விளக்குகள் நீங்கலாக 75 வாட் வரையான உள்ளீடு கொண்ட கருவிகளுக்கு மின்னோட்ட அலைவடிவச் சிதைவு வரம்பு விதிப்பதில்லை. அதற்கு மேற்பட்டவற்றில் திறன் காரணி திருத்தும் கூடுதல் சுற்று சேர்க்கப்படுகிறது. 90 விழுக்காடு பயனுறுதிறனுள்ள 65 வாட் மின்னேற்றியின் உள்ளீடு 72 வாட் மட்டுமே. 65 வாட் மின்னேற்றிகள் மிகுதியாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

வெப்பமும் ஆயுளும்

மின்னேற்றியினுள் விசிறி இல்லை. வெப்பம் உறையின் மேற்பரப்பு வழியாகவே வெளியேற வேண்டும். ஒரே வடிவமுள்ள பெட்டியின் கனவளவைப் பாதியாக்கினால் மேற்பரப்பு ஏறக்குறைய 37 விழுக்காடு குறையும். எனவே பெட்டியைச் சிறிதாக்குமுன் இழப்பைக் குறைத்தாக வேண்டும். பயனுறுதிறன் 87 விழுக்காட்டிலிருந்து 93 விழுக்காடாக உயர்ந்தால், 65 வாட் வெளியீட்டில் இழப்பு 9.7 வாட்டிலிருந்து 4.9 வாட்டாகப் பாதியாகிறது.

மின்பகு மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயரும்தோறும் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொது விதி. மிகச் சிறிய பெட்டியில் முழுத் திறனில் தொடர்ந்து இயங்கும் மின்னேற்றி விரைவில் பழுதடைய இது ஒரு முதன்மைக் காரணம். தரமானவை வெப்பநிலை மிகும்போது தாமாகவே வெளியீட்டைக் குறைத்துக்கொள்கின்றன.

செருகுவாய்களிடையே திறன் பகிர்வு

பவர் டெலிவரி முறையில் மின்னேற்றி தன்னால் வழங்கக்கூடிய மின்னழுத்தங்களை, பொதுவாக 5, 9, 15, 20 வோல்ட் என்றவாறு, பட்டியலிட்டுக் கருவிக்கு அனுப்புகிறது. கருவி அவற்றுள் ஒன்றைக் கேட்டுப் பெறுகிறது. இரு கருவிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மின்னழுத்தங்களைக் கேட்கலாம் என்பதால், பொதுவான ஒரே வெளியீடு போதாது. ஒரு மின்மாற்றியிலிருந்து 20 வோல்ட்டுக்கு மேற்பட்ட பொது மின்னழுத்தம் பெற்று, ஒவ்வொரு செருகுவாய்க்கும் தனித்தனி இறக்கு மாற்றி வைப்பது ஒரு தீர்வு. இதில் இழப்பு இரு கட்டங்களில் நிகழ்கிறது. முதற்கட்டம் 93, இரண்டாம் கட்டம் 96 விழுக்காடு எனில் மொத்தம் 89 விழுக்காடே. ஒவ்வொரு செருகுவாய்க்கும் தனி மின்மாற்றி வைத்தால் இழப்பு குறையும், பெட்டி பெரிதாகும்.

உறையில் அச்சிடப்படும் திறன் பொதுவாக எல்லாச் செருகுவாய்களுக்கும் சேர்த்த உச்ச வரம்பாகும். எடுத்துக்காட்டாக, 65 வாட் மின்னேற்றியொன்று பின்வருமாறு பகிரலாம்:

- ஒரு கருவி: 65 வாட்
- இரு கருவிகள்: 45 வாட், 20 வாட்
- மூன்று கருவிகள்: ஒன்றுக்கு 45 வாட்; மற்ற இரண்டுக்கும் சேர்த்து 5 வோல்ட்டில் 15 வாட்

புதிய கருவி செருகப்படும்போது பகிர்வு மாற வேண்டியிருப்பதால், பல மின்னேற்றிகள் எல்லா வெளியீடுகளையும் ஒரு கணம் துண்டித்து மீண்டும் தொடங்குகின்றன. மின்கலம் உள்ள கைபேசிக்கு இதனால் தீங்கில்லை. மின்கலமற்ற சிறு கணினி அணைந்து மீண்டும் தொடங்கும். எழுதப்பட்டுக்கொண்டிருந்த தரவு கெடலாம். வடமும் ஒரு வரம்பாகும். 3 ஆம்பியருக்கு மேல் கடத்த, அடையாளச் சில்லு பொருத்தப்பட்ட 5 ஆம்பியர் வடம் தேவை. அது இல்லையெனில் 65 வாட் மின்னேற்றியும் 20 வோல்ட்டில் 60 வாட்டையே வழங்கும்.

பாதுகாப்பு

மின்மாற்றியின் இருபுறச் சுற்றுகளுக்கும் இடையில் சுற்றுப்பலகையில் சில மில்லிமீட்டர் வெற்றிடம் விடப்பட வேண்டும். மின்மாற்றியின் ஒரு சுருளுக்கு மூவடுக்குக் காப்பிட்ட கம்பி பயன்படுத்துவது வழக்கம். மலிவான போலி மின்னேற்றிகளில் இவ்விடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதுண்டு. ஈரப்பதத்தாலோ தூசியாலோ அது பாலமிடப்பட்டால், 325 வோல்ட் கைபேசியின் உலோக உறை வரை வந்துசேரும். அத்தகைய மின்னேற்றியும் வழக்கம்போல் இயங்குவதால், குறைபாட்டைப் பயனர் வெளியிலிருந்து அறிய இயலாது.

இரைச்சலைக் குறைக்க இருபுறத்தையும் இணைக்கும் ஒய் வகை மின்தேக்கி பொருத்தப்படுகிறது. புவியிணைப்பற்ற இருமுனை மின்னேற்றியில் உலோக உறையுள்ள கருவியைத் தொடும்போது சிலர் உணரும் மெல்லிய கூச்சம் இதன் வழியே கசியும் மின்னோட்டத்தால் ஏற்படுகிறது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 1 நானோஃபாரடு மின்தேக்கி வழியே செல்வது ஏறக்குறைய 0.07 மில்லியாம்பியர் மட்டுமே, இது தீங்கற்றது. ஆயினும் இவ்விடத்தில் சாதாரண மின்தேக்கியைப் பயன்படுத்துவது ஆபத்தானது; அது பழுதடைந்தால் மின்காப்பு முற்றிலும் நீங்கிவிடும்.

செருகுமுனைகளின் வலிமையும் அளவோடு தொடர்புடையது. 2008 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம், ஐபோன் 3ஜி உடன் அமெரிக்கா, சப்பான் உள்ளிட்ட நாடுகளில் வழங்கிய மிகச்சிறு மின்னேற்றிகளின் உலோக முனைகள் உடைந்து சுவர் இணைப்பிலேயே தங்கிவிடக்கூடும் என்பதால், அவற்றை மாற்றித் தந்தது. பல செருகுவாய் மின்னேற்றி ஒற்றைச் செருகுவாய் மின்னேற்றியை விட எடை மிகுந்தது. வடங்களின் இழுவையும் அதன் முனைகளின்மேல் விழுகிறது.

தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

- மொத்தத் திறனை மட்டுமன்றி, எல்லாச் செருகுவாய்களும் பயன்படும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் திறனையும் பார்த்தல்
- பாதுகாப்புச் சான்று முத்திரை. இந்தியாவில் இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு எண்
- மின்கலமற்ற கருவிகளுக்குத் தனி மின்னேற்றி பயன்படுத்துதல்
- காற்றோட்டமில்லாத இடங்களிலும் துணி, மெத்தை ஆகியவற்றின் அடியிலும் வைக்காதிருத்தல்

இவற்றையும் பார்க்க

- யூ.எஸ்.பி
- மின்மாற்றி
- மின்தேக்கி
- காலியம் நைட்ரைடு