கண்ணும் கழுத்தும்

இல்லத்திலிருந்தே வேறோர் உலகினுட் புகுந்தாடும் மெய்ந்நிகர் விளையாட்டின் வேர் 1838ஆம் ஆண்டிலுள்ளது. சிறிது வேறுபட்ட இரு படங்களைக் கண்ணுக்கொன்றாய்க் காட்டினால், மனம் அவற்றை ஆழமுடைய ஒரே காட்சியாகக் கொள்ளும் என்பதை, ஆங்கில அறிஞர் சாள்ஸ் வீற்ஸ்ரன் அவ்வாண்டில் இரண்டு ஆடிகளைக்கொண்டு விளக்கினார். ஆயினும், பார்ப்பவர் தலையைத் திருப்பினும் படம் மாறவில்லை.

1968இல் அமெரிக்கரான ஐவன் சதர்லாந்து அக்குறையை நீக்கினார். கூரையிலிருந்து தொங்கிய அவர் கருவி காட்டியவை வெறுங் கோட்டுருவங்களே. எனினும், தலை திரும்பியவாறே அவையும் இடம் பெயர்ந்தன. மாயத்தின் உயிர் படத்தின் அழகிலன்று, இவ்விசைவிலேயே இருந்தது.

1995இல் நின்ரெண்டோ நிறுவனம் விற்ற ‘வேர்ச்சுவல் போய்’ கருவியோ தலையசைவை அறியவில்லை, நிறமும் சிவப்பொன்றே! ஓராண்டுக்குள் அது கைவிடப்பட்டது. 2016இல் வீடுகளை அடைந்த ஒக்குலஸ் தலைக்கருவி அசைவை அறிந்தது. ஆனால் இத்தகைய கருவிகளிற் காட்சி இமைப்பொழுது பிந்தினாலும் தலைசுற்றலே மிஞ்சும்.