கொல்கத்தாவின் டிராம்: ஏறிப் பார்க்கக்கூடிய வரலாறு

கொல்கத்தாவின் எஸ்பிளனேடு டிராம் பணிமனையில் இரண்டு பெட்டிகள் கொண்ட பழைய டிராம் ஒன்று நகராமல் நிற்கிறது. 1938இல் உருவான வண்டி இது. 2014 செப்டம்பரில் ‘ஸ்மரணிகா’ என்ற பெயரில் இதையே அருங்காட்சியகமாக்கினார்கள். ஒரு பெட்டியில் சிற்றுண்டிக் கடை, மற்றொன்றில் காட்சிப் பொருட்கள். அப்பா அம்மாவின் கையைப் பிடித்தபடி படியேறும் பிள்ளைகள், கண்ணாடிக்குப் பின்னால் பழைய பயணச்சீட்டுகளையும், நடத்துநர்களின் தொப்பி வில்லைகளையும், சில்லறை மாற்றித் தந்த கருவியையும் பார்க்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்த மெல்லிய காகிதச் சீட்டுதான் பல தலைமுறைகளை ஆபீசுக்கும் கல்லூரிக்கும் கொண்டு சேர்த்தது.

இந்தக் கதை குதிரைகளோடு தொடங்குகிறது. 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் படித்துறை வரை, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் தூரத்துக்குக் குதிரை இழுத்த டிராம் ஓடியது. போதிய வருமானம் இல்லாததால் அதே ஆண்டு நவம்பரில் அது நின்றுபோனது. 1880இல் கல்கத்தா டிராம்வே கம்பெனி லண்டனில் பதிவாகி, மறுபடியும் தண்டவாளம் போட்டது. அந்த நூற்றாண்டின் முடிவில் கம்பெனியிடம் 166 வண்டிகளும் சுமார் 1,000 குதிரைகளும் இருந்தன. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த குதிரைகளை வங்காளத்துப் புழுக்கம் வாட்டியது. இடையே நீராவி எஞ்சினையும் ஓட்டிப் பார்த்தார்கள். 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு மின்சார டிராம் புறப்பட்ட பிறகுதான் குதிரைகளுக்கு விடுதலை கிடைத்தது.

1943 பிப்ரவரியில் புதிய ஹவுரா பாலம் திறந்தபோது, அதன்மேல் முதலில் போன வண்டியும் ஒரு டிராம்தான்.

அந்நாளைய டிராமில் முன்பெட்டி முதல் வகுப்பு. அங்கே மின்விசிறி இருந்தது. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு. விசிறி கிடையாது, கட்டணம் குறைவு. 1953 ஜூலையில் அந்தப் பின்பெட்டிக் கட்டணத்தைக் கம்பெனி ஒரே ஒரு பைசா உயர்த்தியது. நகரமே கொதித்தது. மக்கள் டிராமைப் புறக்கணித்தார்கள், மறியல் செய்தார்கள், துப்பாக்கிச் சூடும் நடந்தது. கடைசியில் பழைய கட்டணமே நிலைத்தது. டிராம் தங்களுடையது என்று மக்கள் நினைத்ததால்தான் ஒரு பைசாவுக்காக இத்தனை பெரிய போராட்டம்.

அதே 1953 தமிழர்களுக்கு வேறொரு வகையில் நினைவிருக்க வேண்டிய ஆண்டு. இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான்: 1895இல், கொல்கத்தாவுக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாக. அதை நடத்திய கம்பெனி நொடித்துப்போக, 1953 ஏப்ரலில் அது நின்றது. தண்டவாளங்களும் போய்விட்டன. இன்று சென்னைப் பிள்ளைக்குத் தாத்தா காட்டக்கூடியது பழைய புகைப்படங்களை மட்டுமே.

கொல்கத்தாப் பிள்ளைக்கு அந்தக் குறை இல்லை. ஸ்மரணிகாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அதே பணிமனையிலிருந்து புறப்படும் டிராமில் ஏறலாம். ஓட்டுநர் காலால் மிதிக்க, மணி ‘டிங் டிங்’ என்கிறது. தலைக்கு மேலே கம்பியை உரசும் கோலில் பொறி பறக்கிறது. வண்டி நிதானமாக ஊர்கிறது. கண்ணாடிக்குள் பார்த்தது இப்போது காலடியில் அதிர்கிறது.

இந்த வாய்ப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. கொல்கத்தா டிராமின் 150ஆம் ஆண்டு விழா 2023இல் நடந்தது. மறுஆண்டு செப்டம்பரிலேயே, எஸ்பிளனேடு–மைதானம் பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. நெரிசலுக்கு டிராம் காரணம் என்பது அரசின் வாதம். புகை கக்காத வண்டியை ஏன் ஒழிக்க வேண்டும் என்று கேட்கும் ஆர்வலர்கள் நீதிமன்றப் படியும் ஏறினார்கள். நியாயம் அவர்கள் பக்கம்தான். ஓடும் டிராம் இல்லாவிட்டால் ஸ்மரணிகாவும் சென்னையின் புகைப்படங்களைப் போல வெறும் நினைவாகிவிடும்.

கொல்கத்தா செல்லும் குடும்பங்கள் விக்டோரியா நினைவகத்தோடு திரும்பிவிட வேண்டாம். எஸ்பிளனேடுக்குப் போய், பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஒரு நடை டிராமில் போய் வாருங்கள்.