ஹிபாகுஷா: ஒரு சொல்லின் வரலாறும் பொருளெல்லையும்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவிலும் 9ஆம் நாள் நாகசாகியிலும் அணுகுண்டு வீசப்பட்டபோது, அப்படைக்கலத்தைக் குறிக்க அந்நகர மக்களிடம் சொல் இல்லை. தாம் உணர்ந்ததையே பெயராக்கிப் ‘பிகாதோன்’ என்றனர். ‘பிகா’ ஒளிக்குறிப்பு, ‘தோன்’ ஒலிக்குறிப்பு. நம் ‘பளீர்’, ‘டமார்’ என்பன இவற்றோடு ஒப்புநோக்கத்தக்கன.

குண்டினால் பாதிப்புற்ற மக்களுக்கு நிலைபெற்ற பெயர் ‘ஹிபாகுஷா’. ‘ஹி’ ஆட்படுதலையும், ‘பாகு’ வெடிப்பையும், ‘ஷா’ ஆளையும் உணர்த்தும். 1957இல் இயற்றப்பட்ட மருத்துவ உதவிச் சட்டம் இதனைச் சட்டச்சொல்லாக்கியது. இன்று நடைமுறையிலுள்ள 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெடிப்பின்போது வரையறுக்கப்பட்ட பகுதிகளில் இருந்தோர் மட்டுமல்லர், இரு வாரத்திற்குள் வெடிப்பு மையத்தின் அண்மையில் நுழைந்தோர், காயமுற்றோரைப் பேணியமை முதலியவற்றால் கதிர்வீச்சுக்கு உள்ளானோர், இவர்தம் கருவிலிருந்த குழவியர் ஆகியோரும் இதனுள் அடங்குவர்.

இச்சொல்லை ஆங்கிலவழி ‘உயிர்பிழைத்தோர்’ எனப் பெயர்ப்பது பொருந்துமா? பிழைத்தல் என்பது தீங்கு கடந்துபோனதை உணர்த்தும். மூலச்சொல்லோ பட்டதை மட்டுமே கூறுகிறது. முடிந்தது எனக் கூறவில்லை. சொல்லின் எல்லையே மருத்துவ உதவியின் எல்லையுமாயிற்று. கதிரியக்கம் கலந்த ‘கருமழை’யில் நனைந்த 84 பேரை ஹிபாகுஷாவாக ஏற்கவேண்டும் என்று ஹிரோஷிமா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021இல்தான்.

எனவே ‘அணுகுண்டுக்கு ஆட்பட்டோர்’ என்பதே மூலத்திற்கு அணுக்கமான பெயர்ப்பு. சட்டப்பொருள் வேண்டுமிடத்து ‘ஹிபாகுஷா’ என்றே ஆளுதல் தகும்.