வக்கீல் வைக்காமல் வாதாடிய அம்மா

எங்கள் மாடி வீட்டில் ஒரு அக்கா குடியிருக்கிறார். சரவணம்பட்டியில் பாதிப் பேரைப் போல அவரும் ஐ.டி. கம்பெனி வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்தான். கணவர் ஓசூரில். இருவரும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பையன் இங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் மாடிப்படியில் நிற்க வைத்து என்னைக் கேட்டார். "ஏந்தம்பி, வக்கீல் வெக்காம நாமளே ஜட்ஜுகிட்டப் பேசிக்க முடியாதா? பையன் அவருகிட்டயும் இருக்கட்டும், எங்கிட்டயும் இருக்கட்டும். இதுக்கு எதுக்கு சண்டை?"

நான் படிப்பது இன்ஜினியரிங். சட்டம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்த "அப்ஜெக்‌ஷன் யுவர் ஆனர்" மட்டும்தான். "தெரியலீங்க்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. தேடிப் படிக்க ஆரம்பித்ததில் நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சென்னை வழக்கில் போய் விழுந்தேன். அந்த வழக்கில் ஒரு பெண்மணி வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே நின்று வாதாடினார். எதிர்ப்பக்கம் நின்ற வக்கீல் யார் தெரியுமா? சி.பி.ராமசாமி ஐயர்!

அந்தப் பெண்மணி அன்னி பெசன்ட். பள்ளிக்கூடப் புத்தகத்தில் "ஹோம் ரூல் இயக்கம், 1916" என்று இரண்டு மார்க் கேள்விக்காக நாம் மனப்பாடம் செய்த அதே பெசன்ட் அம்மையார்தான். அவருக்கும் குழந்தைகளைப் பற்றிய கோர்ட்டு வழக்குகளுக்கும் உள்ள தொடர்பு சென்னையில் தொடங்கவில்லை. லண்டனில், அவருடைய சொந்த மகளில் தொடங்குகிறது.

1867ல் பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரை மணந்துகொண்டார். ஒரு மகன், ஒரு மகள். கடவுள் நம்பிக்கை போய்விட்டது, கணவரோடும் ஒத்துப்போகவில்லை. 1873ல் ஒப்பந்தம் எழுதிப் பிரிந்தார்கள். மகன் தந்தையிடம், மகள் மேபல் தாயிடம். ஆனால் ஒவ்வொரு குழந்தையும் வருடத்தில் ஒரு மாதம் மற்றவரிடம் போய் இருக்க வேண்டும். 1873ல்! இன்றைக்கு நாம் "பகிர்ந்த பொறுப்பு" என்று புதிதாகப் பேசுகிறோமே, அதன் ஒரு சின்ன வடிவம் அந்தக் காகிதத்திலேயே இருந்திருக்கிறது.

இங்கிலாந்தின் அன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். 1839 வரை அங்கே குழந்தை என்றால் தந்தையின் சொத்து மாதிரிதான். கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரின் மூன்று மகன்களையும் கணவர் பிரித்து வைத்துக்கொண்டார். அவர் எழுதியும் போராடியும்தான் 1839ல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கேட்டு ஒரு தாய் நீதிமன்றத்தில் மனுவாவது போடலாம், அவ்வளவுதான். 1873ல் அந்த வயது வரம்பு பதினாறாக உயர்ந்தது. பெற்றோர் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்துக்கும் அப்போதுதான் மரியாதை கிடைத்தது. ஆனால் அதிலும் ஒரு கொக்கி: குழந்தைக்கு நல்லதில்லை என்று நீதிபதி நினைத்தால் ஒப்பந்தம் செல்லாது.

அந்தக் கொக்கியில்தான் பெசன்ட் மாட்டினார். 1877ல் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆபாச நூல் என்று வழக்கு. இருவரும் வக்கீல் இல்லாமல் தாங்களே வாதாடினார்கள். தண்டனை வந்தது, 1878 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் குற்றப்பத்திரிகையில் இருந்த ஒரு குறையைக் காட்டித் தப்பித்தார்கள். ஆனால் கணவர் சும்மா இருப்பாரா? நாத்திகம் பேசுகிறவள், ஆபாசப் புத்தகம் போட்டவள், இவளிடம் பெண் குழந்தை வளரலாமா என்று மனு போட்டார். 1878ல் நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல் முன் வழக்கு. இங்கேயும் பெசன்ட் தானே போய் நின்றார். ஒரு பெண் நேரில் வந்து வாதாடுவதா என்று நீதிபதிக்கு ஆச்சரியமும் எரிச்சலும். குழந்தையை அன்பாக வளர்த்தார் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனாலும் தாயின் கருத்துக்களே குழந்தைக்கு ஆபத்து என்று சொல்லி ஏழு வயது மேபலைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னார். குழந்தை அலற அலறத் தூக்கிக்கொண்டு போனதைப் பெசன்ட் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1879ல் மேல்முறையீட்டிலும் மகள் திரும்பவில்லை. போய்ப் பார்க்கும் உரிமை மட்டும் கிடைத்தது. ஒவ்வொரு சந்திப்பும் குழந்தைகளைக் கிழிக்கிறது என்று அதையும் அவரே விட்டுவிட்டார். (வளர்ந்த பிறகு மகனும் மகளும் தாங்களாகவே அம்மாவிடம் வந்துவிட்டார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.)

சரி, சென்னைக்கு வருவோம். 1893ல் இந்தியா வந்த பெசன்ட், 1907ல் பிரம்மஞான சபையின் தலைவரானார். அடையாறில் தலைமையகம். 1909ல் ஜிட்டு நாராயணய்யா என்ற ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர் தன் பிள்ளைகளோடு அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தார். மதனப்பள்ளிப் பக்கத்துக் குடும்பம், மனைவி 1905லேயே காலமாகிவிட்டார். அடையாறு கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த அவருடைய மகன் கிருஷ்ணாவைப் பார்த்துத்தான் லெட்பீட்டர் என்ற சபைப் பிரமுகர் "இவன் உலக குருவாக வரப்போகிறவன்" என்று சொன்னார். ஆமாம், பின்னாளில் நாம் ஜே.கிருஷ்ணமூர்த்தி என்று அறிந்தவரேதான்.

1910 மார்ச் 6ஆம் தேதி, கிருஷ்ணாவுக்கும் தம்பி நித்யாவுக்கும் பெசன்ட் கார்டியனாக இருக்கலாம் என்று நாராயணய்யா கடிதம் எழுதிக் கொடுத்தார். படிப்புச் செலவு சபையுடையது. பையன்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். கொஞ்ச நாளில் தந்தைக்கு மனம் மாறியது. லெட்பீட்டரோடு பிள்ளைகள் பழகுவது பிடிக்கவில்லை, மகனைத் தெய்வமாக்குவதும் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடு என்றார். கிடைக்கவில்லை. 1912 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

இங்கே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் தன் குழந்தையைப் பறிகொடுத்த தாய், இப்போது இன்னொருவர் குழந்தைகளைத் தர மாட்டேன் என்று நிற்கிறார். நான் முதலில் பெசன்ட் கட்சியாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். இந்த இடத்தில் நாராயணய்யா கட்சிக்கு மாறிவிட்டேன். கையில் காசில்லாத ஒரு மனிதர், மனைவியும் இல்லை, ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டதற்காக இரண்டு மகன்களும் கடலுக்கு அப்பால் போய்விட்டார்கள்.

1913 ஏப்ரல் 15ல் நீதிபதி பேக்வெல் தீர்ப்புச் சொன்னார். பையன்களைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் லெட்பீட்டர் மீது தந்தை சொன்ன மோசமான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று, வழக்குச் செலவை ஜெயித்த நாராயணய்யா தலையிலேயே கட்டினார்! அதே அக்டோபரில் தலைமை நீதிபதி ஆர்னால்ட் வைட், நீதிபதி ஓல்ட்ஃபீல்ட் அமர்வும் பையன்கள் தந்தைக்கே என்றது. பெசன்ட் விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914 மே மாதம் சென்னைத் தீர்ப்புகள் ரத்தாயின.

ஏன் ரத்தாயின என்பதுதான் சுவாரஸ்யம். இந்துச் சட்டப்படி தந்தைதான் இயற்கைக் காப்பாளர், கொடுத்த பொறுப்பை அவர் திரும்பப் பெறலாம் என்ற விஷயத்தில் பிரிவி கவுன்சில் தந்தை பக்கமே பேசியது. ஆனால் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புரிமைச் சட்டப்படி, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் மனு போக வேண்டும். பையன்கள் இருப்பதோ இங்கிலாந்தில். செங்கல்பட்டுக்கு என்ன அதிகாரம்? அதோடு, வளர்ந்த பையன்களை அவர்கள் விருப்பத்தை அறியாமல் கப்பலேற்றி அனுப்பு என்று உத்தரவு போட முடியாது. மூன்று கோர்ட்டு ஏறி இறங்கிய வழக்கு "தப்பான இடத்தில் போட்டுவிட்டாய்" என்று முடிந்தது. கிருஷ்ணாவுக்கு அப்போது பத்தொன்பது வயது.

வழக்கில் எதிரெதிராக நின்ற சி.பி.யும் பெசன்ட்டும் பிற்பாடு ஹோம் ரூல் லீக்கில் ஒன்றாக வேலை செய்தார்கள். அதே சி.பி. சென்னை மாகாண அரசில் இருந்தபோது முன்னின்ற பைக்காரா மின்திட்டம்தான் 1930களில் நம் கோவை மில்களை ஓட வைத்தது. வக்கீல் தொழிலில் ஜெயித்த கேஸ், தோற்ற கேஸ் எல்லாம் இப்படித்தான் கரைந்துபோகும் போல. குழந்தைகளுக்குத்தான் கரையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1956ல் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் வந்தது. ஐந்து வயது வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். ஆனால் காப்பாளர் யார் என்றால் தந்தை, "அவருக்குப் பிறகு" தாய். இந்த ஒரு வார்த்தையை எதிர்த்து நின்றவர் கோயம்புத்தூரில் பிறந்தவர்! எழுத்தாளர் கீதா ஹரிஹரன். 1984ல் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இத்தனைக்கும் அவரும் கணவரும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை, இருவரும் சேர்ந்தே வழக்குப் போட்டார்கள். வக்கீல் இந்திரா ஜெய்சிங். 1999 பிப்ரவரி 17ல் உச்ச நீதிமன்றம், "பிறகு" என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாத நிலையிலும் என்று பொருள் என விளக்கியது. ஒரு வார்த்தையை இப்படி வளைக்க நல்ல வக்கீலால்தான் முடியும்.

இருவரிடமும் இருக்கட்டும் என்ற அக்காவின் யோசனைக்குத் தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. 2015 மே மாதம் நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் இதைச் சட்டமாக்கச் சொன்னது. ஆனால் சட்டம் இல்லையென்று நீதிமன்றங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2013ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு பையன் ஜனவரி முதல் ஜூன் வரை தந்தையிடமும் ஜூலை முதல் டிசம்பர் வரை தாயிடமும் இருக்க உத்தரவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு வீடு மாறுவது பையனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றுகிறது. ஆனால் ஒருவர் முகமே தெரியாமல் வளர்வதை விட மேல்தான். எங்கள் பக்கம் கல்யாணத்தை நடத்தி வைக்க அருமைக்காரர் இருக்கிறார். பிரிந்த பிறகு பிள்ளைக்கு முறை வகுத்துத் தர யாரும் இல்லை. அந்த வேலை கோர்ட்டுக்குப் போய்விட்டது.

இனி அக்காவின் கேள்வி. வக்கீல் இல்லாமல் முடியாதா? முடியும் என்பது மட்டுமல்ல, சட்டமே அப்படித்தான் நினைத்தது! 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 13ஆம் பிரிவு, வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமை அல்ல என்கிறது. கட்சிக்காரர்கள் நேரில் பேச வேண்டும், சமரசத்துக்கு முதலில் முயல வேண்டும் என்பது அதன் நோக்கம். நடைமுறையில் என்ன ஆனது? அனுமதி மனு போட்டுவிட்டு வக்கீல்கள் வருகிறார்கள். கோவை குடும்ப நல நீதிமன்றத்திலும் அதே கதைதான். எதிர்ப்பக்கம் வக்கீலோடு வந்தால் நாம் மட்டும் தனியாக நிற்பது வீரமா, முட்டாள்தனமா? பெசன்ட் மாதிரிப் பேசத் தெரிந்தவரே லண்டனில் ஒரு முறை, மேல்முறையீட்டில் ஒரு முறை, சென்னையில் இரண்டு முறை தோற்றார். கடைசியில் காப்பாற்றியது அதிகார வரம்பு என்ற வறட்டுச் சட்டப் புள்ளி. வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸ் பேச்சுக்கு அல்ல, இந்த வறட்டு விஷயங்களுக்குத்தான் என்பது என் கட்சி.

ஃபீஸ் பயமும் பாதி தேவையில்லாதது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கும் பொருந்தும். அக்காவே நம்பவில்லை, பிரிவைக் காட்டிய பிறகுதான் நம்பினார். காசு கொடுத்து வைப்பதென்றால் முதல் நாளே மூன்றைக் கேட்டுவிடலாம். பேசிய தொகை மொத்த வழக்குக்கா, ஒவ்வொரு வாய்தாவுக்குமா? வழக்கு முடியும் வரை பையனைப் பார்க்க இடைக்கால மனு போடுவீர்களா? முதலில் சமரசத்துக்கு முயல்வீர்களா? "அடிச்சுத் தூக்கிரலாம்" என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் யோசிக்கலாம். பேக்வெல் தீர்ப்பின் செலவுக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுக் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடவே கூடாது. வக்காலத்தில் கூட படித்துப் பார்த்துவிட்டுத்தான்.

இதையெல்லாம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அக்காவிடம் சொன்னேன். அன்னி பெசன்ட் கதையை ரொம்ப நேரம் கேட்டார். மேபலுக்குக் கடைசியில் என்ன ஆச்சு என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். அடுத்த வாரம் காந்திபுரம் பக்கம் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மொதல்ல என்ன கேட்டாங்க்கா?" என்றேன்.

"பையன் இப்ப எந்த ஊருல படிக்கிறான்னுதான்" என்றார்.