அடிமனையில் எழுந்த கடைகள்

கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திர வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், தம் கடைக்கென்று ஒரு வலைத்தளம் அமைத்துக்கொள்ளும் ஆசை மேலிட்டவராய், சென்ற தை மாதத்தில் என்னைத் தேடி வந்து, "எது சார் ரொம்ப சுலபம்? அதை மட்டும் சொல்லுங்க, போதும்" என்று கேட்டார். கேள்வி சிறியதுதான். ஆனால் சுலபம் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் சுமார் முப்பத்தைந்து வருஷத்துச் சரித்திரம் நீண்டு கிடப்பதையும், அந்தச் சரித்திரத்தில் வந்த ஒவ்வொரு ஸ்தாபனமும் அச்சொல்லைத் தனக்குச் சௌகரியமான அர்த்தத்தில் விற்றுச் சென்றிருப்பதையும் நினைத்தபோது, சட்டென்று விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

விசித்திரம் என்னவென்றால், வலை பிறந்தபோதே சுலபமாகத்தான் பிறந்தது. 1990 ஆம் வருஷக் கடைசியில், ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், நெக்ஸ்ட் என்ற ஒரு கறுப்புக் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்து டிம் பெர்னர்ஸ்-லீ ஆக்கிய முதல் பிரவுசர், வாசிக்கும் கருவியாக மட்டுமின்றி எழுதும் கருவியாகவும் இருந்தது. திறந்திருக்கும் பக்கத்திலேயே எழுத்துக்களைத் தட்டலாம். ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்து இன்னொரு பக்கத்தோடு இணைக்கலாம். கோணக் குறிகளுக்கிடையே அடைபட்டுக் கிடக்கும் எச்.டி.எம்.எல். சங்கேதத்தை மனிதர்கள் கையால் எழுதப் போகிறார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் நெக்ஸ்ட் யந்திரம் வைத்திருந்தவர்கள் வெகு சிலர். 1993 இல் இல்லினாய் சர்வகலாசாலையில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் வெளியிட்ட மொசேக் என்ற பிரவுசர்தான் சாதாரண ஜனங்களின் மேஜைக்கு வலையைக் கொண்டுவந்து சேர்த்தது. அது படங்களை எழுத்தோடு சேர்த்துக் காட்டியது, விண்டோஸிலும் மக்கின்டாஷிலும் ஓடியது, ஆனால் எழுதும் வசதியை விட்டுவிட்டது. வாசகன் ஒரு பக்கமும் எழுத்தாளன் ஒரு பக்கமுமாக வலை இரண்டாய்ப் பிளந்தது அப்போதுதான். பின்னால் வந்த தளம் கட்டும் தொழில் முழுவதும் அந்தப் பிளவில் முளைத்த பயிரே என்பது என் அபிப்பிராயம்.

முதல் விளைச்சல் கலிபோர்னியாவில். டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் 1994 இல் தொடங்கிய சிறு ஸ்தாபனம் ஒன்று, ஜியோசிட்டிஸ் என்ற பெயரோடு பிரசித்தி பெற்று, கேட்பவர்க்கெல்லாம் இலவசமாக இடம் தந்தது. அந்த இடத்தை அவர்கள் ஓர் ஊர் போலவே பங்கிட்டார்கள். சினிமா பிரியர்களுக்கு ஹாலிவுட், கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு சிலிகான் வேலி, சிறு வியாபாரிகளுக்கும் வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களுக்கும் யுரேகா என்று பேட்டைகள். பேட்டைக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு எண். வந்து குடியேறியவர்களுக்கு, அமெரிக்க மேற்கில் தரிசு நிலத்தைத் திருத்திக் குடியமர்ந்தவர்களின் பெயரையே சூட்டினார்கள். ஆனால் அந்தக் காலத்துக் குடியேறிகளுக்கு நிலம் கடைசியில் சொந்தமாயிற்று, ஜியோசிட்டிஸில் ஆகவில்லை. நம் தஞ்சை ஜில்லாவில் கோயில் நிலத்தில் அடிமனை வாடகைக்கு வீடு கட்டி, மூன்று தலைமுறை வாழ்ந்த பின்னும், சுவர் நம்முடையது, தரை சுவாமியுடையது என்று சொல்லிக்கொள்வார்களே, அதற்கு நிகரான ஏற்பாடுதான் அது. சுவாமி சாதாரணமாக இடத்தை விற்பதில்லை என்ற அளவில் நம் ஏற்பாடு மேலானது. ஜியோசிட்டிஸை 1999 இல் யாகூ ஏறக்குறைய 350 கோடி டாலர் பெறுமான பங்குகளைக் கொடுத்து வாங்கிற்று. வாங்கிய சூட்டோடு, குடியிருப்போர் எழுதியவற்றையும் வரைந்தவற்றையும் என்றென்றைக்கும் தன் விருப்பம்போல் உபயோகித்துக்கொள்ளும் உரிமை தனக்குண்டு என்று ஒரு ஷரத்தைப் புகுத்தியது. குடிகள் கொதித்தெழுந்து, தங்கள் பக்கங்களின் வர்ணங்களை அழித்துச் சாம்பல் நிறமாக்கி எதிர்ப்புக் காட்டினர். சில நாட்களிலேயே ஷரத்தை மாற்ற நேர்ந்தது. 2009 அக்டோபர் 26 ஆம் தேதி அந்த ஊரையே மூடினார்கள். ஆர்வலர் சிலர் இரவு பகலாகப் பிரதி எடுத்ததனால், அதன் கணிசமான பகுதி ஞாபகார்த்தமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

வியாபாரிக்கென்றே கட்டப்பட்ட கருவி வேறோரிடத்தில் பிறந்தது. அதன் கதை சற்று விஸ்தாரமாகச் சொல்லத் தகுந்தது. பால் கிரஹாம் என்பவர் சித்திரமும் பயின்றவர், லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியிலும் தேர்ந்தவர். அவருடைய சிநேகிதர் ராபர்ட் மாரிஸ், 1988 இல் ஒரு சிறு புரோகிராமை அவிழ்த்துவிட்டு அந்நாளைய இன்டர்நெட்டில் கணிசமான பகுதியை ஸ்தம்பிக்கச் செய்து, அதற்காக நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றவர். இந்த இருவரும் முதலில், சித்திரக் காட்சிசாலைகளை வலையில் ஏற்றித் தருவதாகச் சொல்லிக் கதவு கதவாய்த் தட்டினார்கள். காட்சிசாலைக்காரர் எவரும் அதை விரும்பவில்லை. விரும்பாத ஒருவனுக்கு ஒரு பொருளைச் சுலபமாக்கித் தருவதில் பிரயோஜனமில்லை என்று தெளிந்து, 1995 இல், விரும்பக்கூடிய கடைக்காரர்கள் பக்கம் திரும்பினார்கள். அக்கால வழக்கப்படி கடைக்காரருடைய விண்டோஸ் யந்திரத்தில் ஓடும் மென்பொருளை எழுத வேண்டும். இவர்களுக்கோ விண்டோஸில் பழக்கமும் இல்லை, பழகிக்கொள்ள மனமும் இல்லை. ஆகவே, மென்பொருள் தங்கள் சர்வரிலேயே இருக்கட்டும், கடைக்காரர் தம் பிரவுசரில் இணைப்புகளைச் சொடுக்கியே கடையைக் கட்டிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். இன்று உலகெங்கும் உள்ள தளம் கட்டும் கருவிகளில் பெரும்பாலானவை பின்பற்றும் முறை இதுவே. அது உதித்ததில் மேதைமைக்கு உள்ள பங்கு சோம்பலுக்கும் உண்டு. டிரெவர் பிளாக்வெல் என்பவரும் கூடச் சேர, வயாவெப் என்ற பெயரில் 1996 தொடக்கத்தில் கடை திறந்தது. சிறிய கடைக்கு மாதம் 100 டாலர், பெரியதற்கு 300 டாலர் என்பது கட்டணம். 1996 முடிவில் சுமார் 70 கடைகளும், அடுத்த வருஷ முடிவில் சுமார் 500 கடைகளும் அதில் இருந்தன. இவ்வளவு சுலபமாக்கியும், ஆரம்பத்தில் வந்த வியாபாரிகள் பலருக்குக் கடையை இவர்களே உட்கார்ந்து கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் படித்தபோது, நம்மூர் வியாபாரிகள் மட்டும் விலக்கல்ல என்று எனக்கு ஓர் ஆறுதல். 1998 இல் யாகூ இதையும் சுமார் 49 மில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்கித் தன் பெயரில் நடத்தியது.

அதே 1995 இல்தான் இன்னொரு காரியமும் நடந்தது. அதுவரை இலவசமாய்ப் பதிந்து தந்த வலை முகவரிகளுக்கு, செப்டம்பர் முதல், இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் விதித்தார்கள். கடையின் பெயர்ப் பலகைக்கும் குத்தகை வந்துவிட்டது. ஃபிரண்ட்பேஜ் போல மேஜையில் இருந்தபடியே பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருள்களும் அக்காலத்தவையே. அவை ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு உதவின, கடைக்காரருக்கு அவ்வளவாக இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தவர்களிடம் ஒரு பொதுக் குணத்தைக் காண்கிறேன். பெரும்பாலோர் தமக்கே ஒரு தளம் வேண்டித் தவித்து, அந்தத் தவிப்பையே சரக்காக்கினார்கள். அந்தனி கசலேனா தம் மாணவர் விடுதி அறையில் தொடங்கியது ஸ்குவேர்ஸ்பேஸ். ஜெர்மனியிலிருந்து கானடாவுக்குக் குடிபெயர்ந்த டோபியாஸ் லூட்கே, பனிச்சறுக்குப் பலகைகள் விற்க 2004 இல் தாமே ஒரு வலைக்கடை எழுத, பலகைகளைக் காட்டிலும் கடைக்கே கிராக்கி என்று கண்டு 2006 இல் ஷாப்பிஃபையாக்கினார். மூன்று இஸ்ரேலியர்கள் வேறொரு தொழிலுக்குத் தளம் கட்டப்போய் அவஸ்தைப்பட்டு, அதே 2006 இல் விக்ஸைத் தொடங்கினார்கள். சித்திரங்களைச் சுட்டியால் இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கும் சுகத்தை அவர்கள் ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பத்தின் மேல் கட்டியிருந்தார்கள். அடுத்த வருஷமே ஐபோன் வந்தது. அது ஃபிளாஷைத் தன் வாசற்படி ஏற விடவில்லை. ஜனங்கள் கைபேசிக்கு மாற மாற, அழகாய் ஜோடித்த கடைகள் அங்கே வெறும் கட்டமாய் நின்றன. விக்ஸ் 2012 இல் ஃபிளாஷை விட்டு எச்.டி.எம்.எல். 5 க்கு மாறிற்று.

மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே மாதம் வெளியிட்ட வேர்ட்பிரஸ் மட்டும் வேறு சாதி. அது யாரும் இலவசமாய் எடுத்துத் தம் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளத்தக்கது; வாடகை ஏறினால் தட்டுமுட்டுச் சாமான்களோடு வேறு வீட்டுக்குப் போய்விடலாம். பராமரிப்பு நம் தலையில் விழும் என்பது அதன் விலை. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படிப் பெயர்த்து வேறு சர்வரில் நிறுத்த வழியில்லை. இலவசமும் நிலைப்பதில்லை. 2017 இல் கூகுள் சிறு வியாபாரிகளுக்கு, வரைபடத்திலுள்ள அவர்கள் விவரத்தைக் கொண்டே தானாக அமையும் ஒற்றைப் பக்கத் தளம் தந்தது. அதைவிடச் சுலபமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய முகவரிக்கு வந்தவர்களை ஜூன் 10 வரை வேறிடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள், அவ்வளவே.

நம் நாட்டில் பொது ஜனங்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் வந்தது. அதற்குப் பின் வெகுகாலம், நம் கடைத்தெருக்களில் சுலபம் என்பது ஒரு கருவியின் பெயரன்று, டி.டி.பி. சென்டரிலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்திருந்த ஒரு பையனின் பெயர். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கையோடு தளத்தையும் அவன் செய்து கொடுத்தான்; பாஸ்வேர்டும் அவனிடமே இருந்தது. அவன் வெளிநாட்டு வேலைக்குப் போனால் தளமும் அவனோடு போயிற்று. இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவிலும் தளம் கட்டும் கருவி உண்டு. பையனுக்கு வேலை குறைந்திருக்கிறது.

இவ்வளவையும் பாத்திரக் கடை நண்பரிடம் சொல்லவில்லை. முகவரியை உங்கள் பெயரிலேயே பதியுங்கள், படங்களின் அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு வேடிக்கை காட்டினேன். 2019 பிப்ரவரியில் செர்ன் நிலையத்தில் சிலர் கூடி, பெர்னர்ஸ்-லீயின் அந்த முதல் பிரவுசரை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி மறுபடி செய்து வைத்திருக்கிறார்கள். பழைய சாம்பல் நிறச் சாளரம். இணைப்பைத் திறக்க இருமுறை சொடுக்க வேண்டும். நண்பர் ஏதோ ஒரு பக்கத்தின் நடுவில் சுட்டியை வைத்து, தம் கடைப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். தட்டியது அங்கேயே பதிந்து நின்றதைக் கண்டு சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நல்லா இருக்கே. இதுக்கு மாசம் என்ன வாடகை சார்?" என்றார்.