இரும்பில்லாத கடிவாளம்

குதிரை என்றதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருவார்கள்? அலெக்ஸாண்டர்? தேசிங்கு ராஜா? யாராக இருந்தாலும் சரி, கூடவே ஒரு கடிவாளமும் கண்ணில் தெரிந்திருக்கும். வாய்க்குள் ஓர் இரும்புத் துண்டு, இரண்டு பக்கமும் வார். இழுத்தால் வலிக்கும். வலித்தால் நிற்கும்.

ஆனால், அந்த இரும்பு வாய்க்குள் போவதற்கு முன்னால் குதிரைக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பெயர் தலைக்கயிறு. ஆங்கிலத்தில் ஹால்ட்டர். காதுக்குப் பின்னால் ஒரு சுற்று, மூக்கின்மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே பிடித்து நடத்த ஒரு கயிறு. அவ்வளவுதான். நம் ஊர் மாடுகளின் மூக்கணாங்கயிறு மாதிரி துளை போடுகிற வேலைகூட இல்லை.

இத்தனூண்டு கயிற்றுக்குச் சரித்திரமா என்று சிரிக்காதீர்கள். ஒரு தளபதியே இதைப்பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்.

அவர் பெயர் ஸெனபோன். ஏதென்ஸ்காரர், சாக்ரடீஸின் சீடர். கி.மு. 401-ல் பாரசீக இளவரசர் சைரஸை நம்பிப் போரிடப்போய், இளவரசர் செத்துவிட, எதிரி தேசத்தில் அநாதையாக நின்ற கிரேக்கக் கூலிப்படையை ஊருக்கு அழைத்துவந்த தளபதிகளில் ஒருவர். பிற்காலத்தில் உட்கார்ந்து குதிரையேற்றம்பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் லாயக்காரனுக்கு ஒரு எச்சரிக்கை: தலைக்கயிற்றின் முடிச்சை உச்சந்தலையில், பட்டை உட்காருகிற இடத்தில் போடாதே.

ஏன்? குதிரை தீவனத் தொட்டியில் தலையைத் தேய்க்கும். காதோரம் புண்ணாகும். புண் வந்த குதிரை, அடுத்தமுறை கடிவாளத்தோடு யார் வந்தாலும் முரண்டு பிடிக்கும். முடிச்சு தப்பு, பழி குதிரைமேல்!

அதே புத்தகத்தில் இன்னொன்றும் சொல்கிறார். பலவந்தப்படுத்தி வாங்குகிற வேலை, நாட்டியக்காரரைச் சாட்டையால் அடித்து ஆடவைப்பது மாதிரி. அதில் அழகு வராது. சுமார் 2,400 வருடங்களுக்கு முன்னால் சொன்னது.

இதெல்லாம் புத்தகத்துக்குச் சரி, போர்க்களத்துக்கு ஆகுமா?

ஆகும். வட ஆப்பிரிக்காவின் நுமிதியர்களைக் கேளுங்கள். அவர்கள் குதிரைகளுக்குக் கடிவாளமே கிடையாது. கழுத்தில் ஒரு கயிறு, வீரன் கையில் ஒரு குச்சி. இந்தக் குதிரைப்படையை வைத்துக்கொண்டுதான் கி.மு. 216-ல் கன்னே யுத்தத்தில் ஹானிபால் ரோமானியர்களைத் துவம்சம் செய்தார். கி.மு. 202-ல் ஸாமா யுத்தத்தின்போது நுமிதியர்களின் பெரும்படை, மசினிஸ்ஸாவின் தலைமையில் ரோம் பக்கம் நின்றது. ஹானிபால் தோற்றார்!

அடுத்தது ஸ்பெயின். கி.பி. 711-ல் அங்கே முஸ்லிம் படைகள் நுழைந்தன. கூடவே அரபு மொழியும் போனது. அரபியில் 'ஷகீமா' என்கிற சொல் ஸ்பானியர் வாயில் 'ஹாகிமா' ஆனது. பொருள், தலைக்கயிறு. 1519-ல் கோர்ட்டெஸ் 16 குதிரைகளோடு மெக்ஸிகோவில் இறங்கினார். ஸ்பானியர்களோடு அந்தச் சொல்லும் அட்லாண்டிக்கைத் தாண்டியது. பிறகு அமெரிக்க கௌபாய்கள் அதையே 'ஹாக்கமோர்' ஆக்கிவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவின் மாடு மேய்ப்பர்கள் இளம் குதிரையின் வாயில் இரும்பை வைக்க அவசரப்படவில்லை. பச்சைத்தோலைப் பின்னிச் செய்த மூக்குவளையத்தில்தான் முதல் பாடம். குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து புதுப் பற்கள் முழுசாக முளைக்க ஐந்து வயதாகிவிடும். அதுவரை ஈறு வலியோடு இருக்கிற வாய்க்குள் இரும்பு எதற்கு?

சரி, இன்றைக்குக் குதிரை பழக்குகிறவர்கள் எதை வாங்குகிறார்கள்?

அகலமான தோல் பட்டை அழுத்தத்தைப் பரப்பிவிடும். கட்டிவைக்க, வண்டியில் ஏற்ற இதுதான் நல்லது. எங்காவது மாட்டிக்கொண்டு குதிரை மிரண்டால், தோல் அறுந்து உயிரைக் காப்பாற்றும். நைலான் மலிவு, ஆனால் லேசில் அறுகாது. கழுத்துதான் போகும். ஆகவே, உச்சிப்பட்டையை மட்டும் தோலில் வைத்துச் செய்கிறார்கள்.

மெல்லிய கயிற்றில் முடிச்சுகளோடு வருவது இன்னொரு வகை. சின்ன இழுப்பும் சுருக்கென்று தெரியும். பழக்குவதற்கு மட்டும்தான் அது. மாட்டிக் கட்டிப்போட்டுவிட்டு நகரக்கூடாது.

எந்த வகையானாலும் மூக்குப்பட்டை கன்ன எலும்புக்குச் சற்றுக் கீழே உட்காரவேண்டும். இறங்கினால் மூக்கெலும்பின் மெல்லிய நுனி அடிபடும். குட்டிகளுக்கு அடிக்கடி அளவு பார்க்கவேண்டும். தலை வளரும், கயிறு வளராது. சதையில் புதைந்துவிடும்.

இதெல்லாம் வாங்குகிற கதை. பயன்படுத்துகிற கதை ஒரே வரிதான். லேசாக அழுத்தம் கொடுங்கள். குதிரை ஓர் அடி எடுத்துவைத்த அந்த விநாடியே கயிற்றைத் தளர்த்துங்கள். 'நான் நகர்ந்தால் தொந்தரவு போய்விடுகிறது' என்று அது கண்டுபிடிக்கிறது பாருங்கள், அதுதான் பாடம். இழுப்பது வெறும் கேள்வி. நகர்ந்த பிறகும் விடாமல் இழுத்தால், நகர்ந்து பிரயோஜனமில்லை என்று அது முடிவு கட்டிவிடும். அப்புறம் பலப்பரீட்சைதான். எதிரே நிற்பது கிட்டத்தட்ட அரை டன்.

அதனால்தான் முரண்டு பிடிக்கிற குதிரையைப் பார்த்தால், அனுபவஸ்தர்கள் சாட்டையைத் தேடுவதில்லை. முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கிறார்கள், புண் இருக்கிறதா என்று.